அளவு முதலில்

லடாக் இந்தியாவின் வடகோடியில் உள்ளது. எங்கு பார்த்தாலும் மலை. 2019 முதல் அது தனி யூனியன் பிரதேசம். அதன் பெரிய ஊர் லே நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே குளங்கள் உறைந்து கல்லாகிவிடும்.

வயலில் வேலை இல்லை. வெளியூர்ப் பயணிகளும் குறைவு. அந்த இரண்டு மாதங்களில் ஊர் முழுவதும் ஒரே விளையாட்டுத்தான். அதுதான் ஐஸ் ஹாக்கி.

உறைந்த குளமே மைதானம். குளம் இல்லாத ஊரில் சமதரையில் இரவில் நீர் ஊற்றுவார்கள். காலையில் அது பனித்தரையாகிவிடும். காலில் கத்தி பொருத்திய காலணி போட்டுச் சறுக்குவார்கள். அதற்கு ஸ்கேட் என்று பெயர். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. அதற்குப் பக் என்று பெயர். அதன் குறுக்களவு 3 அங்குலம். கனம் 1 அங்குலம். எடை சுமார் 160 கிராம். பார்க்கச் சிறியது. வேகமாக வந்து பட்டால் பல் உடையும்.

இந்தப் பாடம் அந்த ஊரில் ஒரு தாய், ஒரு மகள் பற்றியது. விளையாட்டுச் சாமான் வாங்கப் போன கதை இது.

1. மூன்று காலுறை

அந்தத் தாய் ஆப்ரிகாட் பழம் காயவைத்து விற்பவர். இரண்டு ஆண்டுகளாக மாலை வகுப்புக்குப் போகிறார். எழுத்தும் எண்ணும் இப்போது அவருக்கு வரும்.

மகளுக்கு வயது 13. ஊர்ப் பெண்கள் அணியில் ஆடுகிறாள். அவள் போட்டிருந்தது அண்ணனின் பழைய ஸ்கேட். அவளுக்கு அது இரண்டு அளவு பெரிது. கால் ஆடாமல் இருக்க மூன்று காலுறை போட்டுக்கொள்வாள். போன குளிர்காலத்தில் திரும்பும்போது கணுக்கால் மடங்கிவிட்டது. ஒரு மாதம் நொண்டினாள்.

இந்த ஆண்டு பழம் நல்ல விலைக்குப் போனது. தாய் கொஞ்சம் பணம் சேர்த்தார். "மகளுக்கு நல்ல சாமான் வாங்க வேண்டும்" என்று நினைத்தார்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பல ஆண்டு ஐஸ் ஹாக்கி ஆடியவர். தாய் அவரை "அச்சோலே" என்று அழைப்பார். அச்சோ என்றால் அண்ணன். அவர் இவரை "நோமோலே" என்பார். நோமோ என்றால் தங்கை. சொல்லின் கடைசியில் வரும் "லே" மரியாதைக்காகச் சேர்ப்பது. ஊரின் பெயரும் லே, மரியாதைச் சொல்லும் லே! மகள் அவரை "அஜாங்லே" என்பாள். அஜாங் என்றால் மாமா.

"அச்சோலே, கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான். இதில் எதை முதலில் வாங்க வேண்டும்?" என்று தாய் கேட்டார்.

"மட்டை கடைசி. தலையும் காலும் முதலில்" என்றார் பெரியவர். "மட்டை உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். தலை உடைந்தால் என்ன செய்வது?"

2. அந்தக் காலம்

மூவரும் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். வழியில் பெரியவர் பழைய கதை சொன்னார்.

"லடாக்கில் இந்த விளையாட்டு பட்டாளத்துக்காரர்களிடம் வளர்ந்தது. அப்போது ஸ்கேட் கிடைக்காது. பட்டாள பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. கிரிக்கெட் காப்பைக் காலில் கட்டிக்கொண்டு கோல் காத்தவர்களும் உண்டு."

"அஜாங்லே, நம் பெண்கள் அணி எப்போது வெளிநாடு போனது?" என்று மகள் கேட்டாள்.

"இந்தியப் பெண்கள் அணி 2016இல் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியது. தைவான் நாட்டில் தைபே நகரத்தில் நடந்தது. எல்லா ஆட்டத்திலும் தோல்வி. மறு ஆண்டு பாங்காக் போனார்கள். அங்கே பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என்று வென்றார்கள். அதுதான் முதல் வெற்றி. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அதில் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். அணியில் பெரும்பாலானவர்கள் லடாக் பெண்கள்."

மகளின் முகம் மலர்ந்தது.

3. கோட்டு வேறு, ஸ்கேட் வேறு

புதுச் சாமான் விலை அதிகம். அதனால் பலர் பழைய சாமானை வாங்குவார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் சாமான் சின்னதாகிவிடும். அதைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தாய் ஒரு பளபளப்பான ஸ்கேட்டை எடுத்தார். மகளுக்கு அது பெரிது.

"இதை எடுக்கலாம். வளரும் பிள்ளை. அடுத்த ஆண்டும் ஆகும்" என்றார்.

பெரியவர் சிரித்தார். "நோமோலே, கோட்டைப் பெரிதாகத் தைக்கலாம். ஸ்கேட்டைப் பெரிதாக வாங்கக் கூடாது. உள்ளே கால் ஆடினால் கணுக்கால் மடங்கும். போன ஆண்டு பட்டது போதாதா?"

தாய் அதைக் கீழே வைத்துவிட்டார்.

பெரியவர் சரியான அளவு பார்க்கும் முறையைச் சொன்னார்:

ஸ்கேட்டின் எண், சாதாரணச் செருப்பின் எண்ணைவிட 1 அல்லது 1½ குறைவாக இருக்கும். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. போட்டுப் பார்க்க வேண்டும்.

மெல்லிய காலுறை ஒன்று போதும். குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைக்க வேண்டும்.

கயிற்றை விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகக் கட்டலாம். கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும்.

நேராக நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும்.

அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையலாம். அதற்கு மேல் இடம் இருந்தால் ஸ்கேட் பெரிது.

மகள் நான்கு ஜோடி போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது ஜோடி சரியாக உட்கார்ந்தது. தோலில் கீறல் இருந்தது. ஆனால் கணுக்கால் பக்கம் விறைப்பாக இருந்தது. கத்தி ஆடவில்லை. அடியில் ஆணிகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. அதையே எடுத்தார்கள்.

"அடுத்த ஆண்டு இது சின்னதாகிவிடுமே" என்றார் தாய்.

"அப்போது இதை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். நாமும் அப்படித்தானே இப்போது வாங்குகிறோம்?"

4. தாய் படித்த எண்

அடுத்தது ஹெல்மெட்.

கடையில் ஒரு ஹெல்மெட் மலிவாக இருந்தது. மேலே புது வண்ணம் பூசியிருந்தார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது.

தாய் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எண்ணைப் படிக்கத் தெரியும். மெல்லப் படித்தார்.

"அச்சோலே, இந்த ஆண்டு முடிந்து 4 ஆண்டு ஆகிவிட்டதே. இது என்ன?"

பெரியவர் வாங்கிப் பார்த்தார். "இது தரச்சான்று ஒட்டுத்தாள். இந்த ஹெல்மெட்டை எதுவரை போடலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள்."

உள்ளே இருந்த மெத்தையை விலக்கிப் பார்த்தார். மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. புது வண்ணம் அதை மறைத்திருந்தது. வண்ணப் பூச்சே சில வகை ஓட்டைப் பலவீனமாக்கிவிடும்.

தாய் ஒன்றும் பேசவில்லை. அந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பழையது வேண்டாம். தலைக்கு மட்டும் புதிதாக வாங்குவோம்" என்றார்.

ஹெல்மெட்டுக்குப் பெரியவர் சொன்ன சோதனைகள் இவை:

புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி இருக்க வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளிப் போடக் கூடாது.

தலையை இடமும் வலமும் ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

தாடைப் பட்டையில் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும்.

முன்னால் கம்பி முகமூடி வேண்டும். அது கண்ணையும் பல்லையும் காக்கும். பன்னாட்டுப் போட்டிகளில் எல்லாப் பெண்களும் முழு முகக் காப்பு அணிய வேண்டும்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. அது வேறு வகை அடிக்காகச் செய்தது.

விரிசல் விட்ட ஹெல்மெட்டை ஒட்டிப் போடக் கூடாது. பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. அதை உடைத்தே எறிய வேண்டும்.

5. கழுத்துக்கு ஒரு பட்டை

"அஜாங்லே, கழுத்துப் பட்டை வேண்டாம். கழுத்தை உறுத்தும்" என்றாள் மகள்.

பெரியவரின் குரல் தாழ்ந்தது. "2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு போட்டி நடந்தது. ஆடம் ஜான்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஆடினார். எதிர் அணிக்காரரின் ஸ்கேட் கத்தி அவர் கழுத்தில் பட்டுவிட்டது. அவர் இறந்துவிட்டார். வயது 29. அதன் பிறகு பன்னாட்டு ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் போட்டிகள் எல்லாவற்றிலும் கழுத்துக் காப்பைக் கட்டாயம் ஆக்கியது."

மகள் பேசாமல் பட்டையை எடுத்துக் கழுத்தில் கட்டிப் பார்த்தாள்.

மற்றக் காப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

முழங்கால் காப்பில் ஒரு கிண்ணம் இருக்கும். முழங்கால் சில் அதன் நடுவில் உட்கார வேண்டும். காப்பின் கீழ் முனை ஸ்கேட்டின் மேல் வரை வர வேண்டும். நடுவில் கால் தெரியக் கூடாது.

முழங்கைக் காப்பும் அப்படியே. அது முடியும் இடத்துக்குக் கையுறை வந்து சேர வேண்டும்.

கையுறையின் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் மட்டை வழுக்கும். விரலிலும் அடிபடும்.

தோளுக்கும் மார்புக்கும் ஒரு காப்பு. இடுப்புக்கும் தொடைக்கும் மெத்தை வைத்த கால்சட்டை. ஆண், பெண் இருவருக்கும் அடிவயிற்றுக்குக் கீழே தனிக் காப்பு உண்டு. இதைக் கேட்டு வாங்க வெட்கப்படக் கூடாது.

பல்லுக்கு ரப்பர் காப்பு உண்டு. அது ஒருவருக்கு ஒன்று. பிறர் போட்டதைப் போடவே கூடாது.

கோல் காப்பவருக்குச் சாமான் வேறு. காலுக்குப் பெரிய பலகை போன்ற காப்பு. பிடிக்க ஒரு கையுறை, தடுக்க ஒரு கையுறை. இவற்றின் விலை மிக அதிகம். அதனால் அணி சேர்ந்து வாங்கி வைப்பது நல்லது.

6. கடைசியில் மட்டை

மட்டைக்குக் கொஞ்சப் பணமே மீந்தது. மகள் ஒரு கறுப்பு மட்டையைக் கையில் எடுத்தாள். அது கார்பன் இழையால் செய்தது. இலேசாக இருந்தது.

"இதில் 85 என்று போட்டிருக்கிறதே" என்றார் தாய்.

"அது மட்டையின் விறைப்பைச் சொல்லும் எண்" என்றார் பெரியவர். "எண் கூடினால் விறைப்பு கூடும். அடிக்கும்போது மட்டை கொஞ்சம் வளைந்து நிமிர வேண்டும். அந்த விசையில்தான் பக் பறக்கும். 85 பெரிய ஆளுக்கு உரியது. இவள் எடை என்ன?"

"40 கிலோ."

"அப்படியானால் 40, 45 போதும். உடல் எடை எத்தனை கிலோவோ, எண் அதற்குக் கிட்டத்தட்ட இருந்தால் சரி. நீளம் அதிகம் என்று மட்டையை வெட்டினால் விறைப்பு இன்னும் கூடும். அதையும் மறக்காதீர்கள்."

நீளம் பார்ப்பது எளிது. வெறுங்காலில் நின்று மட்டையை முன்னால் நேராக நிறுத்த வேண்டும். அதன் மேல் முனை மூக்கு வரை வரலாம். ஸ்கேட் போட்டு நின்றால் அது தாடை வரை வரும்.

மட்டையின் அடிப்பக்கம் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். இடப்பக்கம் பிடித்து ஆடுபவருக்கு ஒன்று. வலப்பக்கம் ஆடுபவருக்கு வேறொன்று. மாற்றி வாங்கினால் ஆட முடியாது. இரண்டையும் பிடித்துப் பார்த்து, கைக்கு இயல்பாக வருவதை எடுக்க வேண்டும்.

மகள் 40 எண் போட்ட பழைய மட்டை ஒன்றை எடுத்தாள். விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். இல்லை. கார்பன் மட்டையில் விரிசல் இருந்தால் ஆடும்போது படீரென்று முறியும். சிலாம்பு கையில் குத்தும்.

7. வாங்கினால் மட்டும் போதுமா?

வீட்டுக்கு வந்ததும் மகள் ஸ்கேட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். லடாக்கில் குளிர்காலத்தில் வீட்டு நடுவில் இரும்பு அடுப்பு எரியும். அதற்குப் புகாரி என்று பெயர்.

"அங்கே வேண்டாம்!" என்றார் பெரியவர். "சூட்டில் தோல் வெடிக்கும். பசை விட்டுப்போகும். ஹெல்மெட்டும் கெடும்."

காயவைக்கும் முறையைக் காட்டினார். ஆடி முடித்ததும் பையைத் திறக்க வேண்டும். கயிறு கட்டி எல்லாக் காப்புகளையும் தொங்கவிட வேண்டும். ஸ்கேட்டின் கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். அடுப்பிலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில் காய வேண்டும். பைக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் நாற்றம் அடிக்கும். கிருமி வளரும். தோலில் சிரங்கு வரும்.

ஸ்கேட் கத்தியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பனித்துளி ஒட்டியிருந்தால் துருப் பிடிக்கும். கல்லிலும் மண்ணிலும் கத்தியோடு நடக்கக் கூடாது. நடக்கும்போது பிளாஸ்டிக் உறை போட வேண்டும். வீட்டில் வைக்கும்போது அந்த உறையைக் கழற்றிவிட்டுத் துணி உறை போட வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும்.

லடாக்கில் காற்று மணலை வாரி வந்து பனித்தரையில் போடும். அதனால் கத்தி சீக்கிரம் மழுங்கும்.

"சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?" என்று தாய் கேட்டார்.

"காய்கறிக் கத்திக்குச் சாணை வேறு. இதற்கு வேறு. இந்தக் கத்தியின் அடியைப் பாருங்கள். நடுவில் பள்ளம். இரு பக்கமும் விளிம்பு. இந்த இரண்டு விளிம்பும்தான் பனியைப் பிடிக்கின்றன. நீளவாக்கில் சாணை பிடித்தால்தான் பள்ளம் நிற்கும். குறுக்கே பிடித்தால் பள்ளம் போய்விடும். ஸ்கேட்டுக்கு என்றே இயந்திரம் உண்டு. அது தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்."

கூர்மை பார்க்கவும் வழி சொன்னார். நகத்தை விளிம்பின் மேல் குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். நகம் கொஞ்சம் சீவினால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மழுங்கிவிட்டது. விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அறுத்துவிடும்.

மட்டைக்கு டேப் சுற்ற வேண்டும். அடிப்பக்கம் சுற்றினால் பக் வழுக்காது, நீரும் இறங்காது. மேல் முனையிலும் சுற்றிக் குமிழ் போலச் செய்ய வேண்டும். கைப்பிடி நழுவாது. முனை யார் மேலும் குத்தாது. டேப் நைந்தால் மாற்ற வேண்டும்.

8. விழுந்தாள், எழுந்தாள்

ஜனவரியில் பக்கத்து ஊரோடு ஆட்டம். தாய் குளக்கரையில் நின்று பார்த்தார்.

ஆட்டம் முடியச் சில நிமிடமே இருந்தது. மகள் பக்கைத் துரத்திப் போனாள். இன்னொரு பெண் மேல் மோதி மல்லாந்து விழுந்தாள். பின்தலை பனித்தரையில் அடித்தது. அந்தச் சத்தம் கரை வரை கேட்டது.

தாய்க்கு மூச்சு நின்றுவிட்டது.

ஆட்டம் நின்றது. பயிற்சியாளர் ஓடினார். மகளை வெளியே அழைத்து வந்து உட்கார வைத்தார். பெயர் கேட்டார். ஊர் கேட்டார். தலைவலி, மயக்கம், குமட்டல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. ஆனாலும் அன்று அவளை மீண்டும் ஆட விடவில்லை. ஹெல்மெட் போட்டாலும் மூளை அதிரலாம். அதனால் தலையில் அடிபட்டவர் அன்று ஆடக் கூடாது. மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

மருத்துவர் பார்த்தார். ஆபத்து இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாய் ஹெல்மெட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். மெத்தையை விலக்கி விரலால் தடவினார். விரிசல் இல்லை. கையில் அதை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வண்ணம் பூசிய அந்த ஹெல்மெட்டின் நினைவு வந்தது. அதில் படித்த ஆண்டும் நினைவு வந்தது.

பிறகு எழுந்தார். மகளின் காப்புகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டார், அடுப்பிலிருந்து தள்ளியே.

அடுத்த குளிர்காலத்தில் ஸ்கேட் மகளுக்குச் சின்னதாகிவிட்டது. அடுத்த தெருவில் ஒரு சிறுமி மூன்று காலுறை போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். தாய் அவளைக் கூப்பிட்டார். உட்கார வைத்து ஸ்கேட்டை மாட்டினார். முழங்காலை மடக்கச் சொன்னார். பின்னால் ஒரு பென்சிலை நுழைத்துப் பார்த்தார்.

சரியாக இருந்தது.

நினைவில் வையுங்கள்

- பளபளப்பைப் பார்க்காதீர்கள். அளவைப் பாருங்கள்.
- முதல் பணம் தலைக்கும் காலுக்கும். மட்டை கடைசி.
- பொருளில் அச்சிட்ட எண்ணையும் ஆண்டையும் படித்த பிறகே பணம் கொடுங்கள்.
- ஆடி முடித்ததும் துடையுங்கள், காய வையுங்கள். நெருப்பின் பக்கம் வைக்காதீர்கள்.
- விரிசல் விட்ட ஹெல்மெட் யாருக்கும் வேண்டாம்.
- சின்னதாகிப்போன நல்ல சாமானை அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. பெரிய ஸ்கேட் வாங்கினால் என்ன கெடுதல்?
2. ஹெல்மெட்டில் தாய் எதைப் படித்தார்? அதனால் என்ன நன்மை?
3. ஸ்கேட் கத்தியை ஏன் குறுக்கே சாணை பிடிக்கக் கூடாது?
4. ஈரமான காப்புகளைப் பைக்குள் மூடி வைத்தால் என்ன ஆகும்?

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள மருந்து, எண்ணெய், மாவு உறைகளை எடுங்கள். எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எங்கே இருக்கிறது? தேடிப் படியுங்கள். தேதி முடிந்த பொருள் ஏதும் உள்ளதா? வகுப்பில் பேசுங்கள்.